கண்ணருகே வைக்கும் கண்ணாடி



தொலைநோக்கியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் அதன் பெரிய முனையைப் பற்றியே விசாரிக்கிறார்கள். ஆறு அங்குலக் கண்ணாடியா, எட்டு அங்குலமா, கையால் தேய்த்ததா, கடையில் வாங்கியதா என்றெல்லாம் கேட்கிறவர்கள், அந்தக் கண்ணாடி பாடுபட்டுத் திரட்டிக் கொடுக்கும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற சிறிய உபகரணத்தைப் பற்றி, அதாவது பாடப்புத்தகத்தில் கண்ணருகு லென்ஸ் என்றும் நம்மவர் பேச்சில் ஐபீஸ் என்றும் வழங்கிவருகிற அந்தப் பொருளைப் பற்றி, ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. கேட்காமல் வாங்கிவிட்டு, பிறகு தொலைநோக்கியையே குறை சொல்லி அதைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப் பரணேறிய தொலைநோக்கிகளை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவற்றுள் பலவற்றைக் கீழே இறக்கி, ஒரே ஒரு ஐபீஸை மாற்றிய மாத்திரத்தில் அந்த வீட்டார் வியப்படைந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகையால் குறைந்த செலவில் நல்ல ஐபீஸ்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்னும் விஷயத்தைப் பற்றி இன்று பேச எனக்கு வாய்த்ததைப் பாக்கியமாகவே கருதுகிறேன்.

நான் முதன்முதலில் சொந்தமாக வாங்கியது 60 மில்லிமீட்டர் விட்டமும் 700 மில்லிமீட்டர் குவியத்தூரமும் கொண்ட சிறிய லென்ஸ் தொலைநோக்கி. அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் சனிக்கிரகத்தின் வர்ணப்படம் ஒன்றும், அதன் கீழே 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற வாசகமும் அச்சிட்டிருந்தன. உள்ளே 20, 12.5, 4 மில்லிமீட்டர் என்று பொறித்த மூன்று ஐபீஸ்களும், பெருக்கத்தை மும்மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றும் இருந்தன. பெட்டி சொன்ன 525-ஐப் பார்த்தே தீர்வது என்று, பார்லோவின் தலைமேல் 4 மில்லிமீட்டர் ஐபீஸைச் செருகி, கடுகளவே இருந்த அதன் துவாரத்தில் இமைமயிர் உரசும்படி கண்ணை ஒட்டிவைத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு, அன்று பிறை வளர்ந்து எட்டாம் நாளாயிருந்த சந்திரனைத் தேடினேன். தேடி அகப்பட்டது சாம்பல் நிறத்தில் ஒரு கலக்கம். கொதிக்கிற கஞ்சியின் அடியில் கிடக்கிற பாத்திரத்தைப் போல அது அலைந்துகொண்டிருந்தது. குவியத்தைத் திருத்தும் குமிழைத் தொட்டால் முழுதும் மறைந்தது. அரை மணி நேரத்துக்குப் பின், மனம் சலித்து, 20 மில்லிமீட்டரை மட்டும் போட்டுப் பார்த்தேன். 35 மடங்கில், கரிய வானத்தின் நடுவே, வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற விளிம்பில் பள்ளங்களின் சுவர்கள் ஊசி முனையால் கீறியதுபோல் நின்றன. ஒரு பள்ளத்தின் நடுவில், சுற்றிலும் இருள் சூழ்ந்திருக்க, மலையுச்சி ஒன்றின் நுனியில் மட்டும் காலை வெயில் பட்டு ஒரு புள்ளியாக ஜொலித்தது. அந்த ஒரு புள்ளியை அந்த 525 எனக்குக் காட்டவில்லை.

ஏன் காட்டவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், வாங்குகிற விஷயத்தில் பாதி தெளிந்துவிடும். உருப்பெருக்கம் என்பது வெறும் வகுத்தல் கணக்கு: தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. பார்லோ அதை மும்மடங்காக்க 525. கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு லென்ஸ், ஒளியின் இயற்கை காரணமாகவே, ஏறக்குறைய 1.9 விகலைக்கும் நெருக்கமாக இருக்கிற இரண்டு நட்சத்திரங்களைப் பிரித்துக் காட்ட மாட்டாது. அதனினும் நுண்ணிய விவரம் எதுவும் அந்தப் பிம்பத்தில் கிடையாது. இல்லாததைப் பெருக்கினால் வருவது பெரிய கலக்கம் மட்டுமே. ஆகவே விட்டத்தின் மில்லிமீட்டர் எண்ணைப்போல் இரு மடங்கு, அதாவது 60-க்கு 120, 150-க்கு 300 என்பதே பொதுவாகப் பிரயோஜனப்படும் உயர்ந்த எல்லை என்று அனுபவஸ்தர்கள் வகுத்திருக்கிறார்கள். அந்த எல்லையையும் நம் தலைக்கு மேலுள்ள காற்று எல்லா இரவுகளிலும் அனுமதிப்பதில்லை.

இதையே இன்னொரு வழியாகவும் காணலாம். பகல் நேரத்தில், சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் உள்ள வெறும் ஆகாயத்தின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பி வைத்து, ஐபீஸிலிருந்து ஒரு முழம் பின்வாங்கி நின்று பாருங்கள். ஐபீஸின் வாயில், கண்ணாடிக்குச் சற்று வெளியே, ஒரு சிறு வெண்வட்டம் அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரியும். தொலைநோக்கி திரட்டிய வெளிச்சம் முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளிவருகிறது. நம் கண்மணி நிற்க வேண்டிய இடமும் அதுதான். ஐபீஸின் குவியத்தூரத்தைத் தொலைநோக்கியின் குவிய விகிதத்தால் வகுத்தால் அந்த வட்டத்தின் விட்டம் கிடைக்கும். குவியத்தூரம் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதே குவிய விகிதம். 150 மில்லிமீட்டர் விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவியத்தூரமும் உள்ள, நம்மில் பலர் தாமே தேய்த்துச் செய்துகொண்டிருக்கிற அந்தத் தொலைநோக்கிக்குக் குவிய விகிதம் 8. அதில் 32 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டால் வெளிவரும் கற்றையின் விட்டம் 4 மில்லிமீட்டர். 10-ஐப் போட்டால் ஒன்றேகால். இளவயதினரின் கண்மணி இருட்டில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே வரும். கண்மணியைவிட அகலமான கற்றையை அனுப்பினால் வெளிச்சம் கருவிழியின் மேல் வீணாகச் சிந்தும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கற்றையை அனுப்பினாலோ, நம் கண்ணுக்குள்ளேயே மிதக்கிற தூசிகளும் நூலிழைகளும் வியாழக்கிரகத்தின் மேல் நீந்துவதுபோல் தோன்றி, காட்சி முழுவதும் மங்கிப்போகும். என் பழைய தொலைநோக்கி 525 மடங்கில் அனுப்பிய கற்றை ஒரு மில்லிமீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. அதில் என்ன தெரியும்?

உருப்பெருக்கத்தை நான் நிந்திக்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். 1781-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தில் பாத் நகரத்தில் தம் வீட்டுத் தோட்டத்தில், தாமே தேய்த்த ஆறங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட கண்ணாடியுடன் நின்ற வில்லியம் ஹெர்ஷல், 227 மடங்கு காட்டும் ஐபீஸில் ஒரு விசித்திரமான பொருளைக் கண்டார். கண்டதும் அவர் செய்த காரியம் நம் கவனத்துக்கு உரியது. நட்சத்திரங்கள் எவ்வளவு பெருக்கினாலும் அந்தப் பெருக்கத்துக்கு ஏற்ப வளர்வதில்லை என்பதை முன்பே அனுபவத்தில் அறிந்திருந்த அவர், 460-ஐயும், பின்பு 932-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டு, இந்தப் பொருள் மட்டும் பெருக்கத்துக்குத் தக்கபடி வளர்வதைக் கண்டு, இது நட்சத்திரம் அன்று என்று தெளிந்தார். யுரேனஸ் என்னும் கிரகம் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. உயர்ந்த பெருக்கத்தை அவர் ஒரு கேள்விக்கு விடையாகப் பயன்படுத்தினார். ஆனால் வானத்தைத் துழாவித் தேடுவதற்கு அவர் வைத்திருந்தது 227 தான்.

இனி ஐபீஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். விலை வித்தியாசத்தின் காரணம் அங்கேதான் இருக்கிறது. கலிலேயோ கண்ணருகே வைத்தது ஒரு குழிலென்ஸ். அதில் தெரிந்த வானம் மிகக் குறுகியது. 1611-ல் கெப்ளர், அந்த இடத்தில் குவிலென்ஸை வைக்கலாம், பிம்பம் தலைகீழாகும், ஆனால் புலம் விரியும் என்று எழுதினார். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹைகன்ஸ் இரண்டு லென்ஸ்களை இடைவெளி விட்டு வைத்து, பிம்பத்தின் ஓரங்களில் வரும் நிறச்சிதறலைப் பெரிதும் குறைத்தார். 1783-ல் ராம்ஸ்டன் அதே இரண்டு லென்ஸ்களை வேறு விதமாகத் திருப்பி வைத்தார். 1849-ல், ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில், இருபத்து மூன்று வயதே நிரம்பிய கார்ல் கெல்னர் என்பவர், கண்ணுக்கு அருகிலுள்ள லென்ஸை மட்டும் இரண்டு வகைக் கண்ணாடிகளை ஒட்டிச் செய்து, மூன்று துண்டுகளில் ஒரு நல்ல ஐபீஸை உண்டாக்கினார். அந்த மனிதர் இருபத்தொன்பதாம் வயதிலேயே இறந்துபோனார். இன்றும் எத்தனையோ இருகண் நோக்கிகளில் நாம் கண்ணை வைப்பது அவர் வகுத்த அமைப்பின்மேல்தான். 1860-ல் வியன்னாவில் பிளாசல், ஒட்டிய இரட்டை லென்ஸ்கள் இரண்டை ஒன்றுக்கொன்று எதிர்முகமாக வைத்தார். 1880-ல் யேனாவில் ஏர்ன்ஸ்ட் அபே, மூன்றை ஒட்டிய ஒரு தொகுதியும் தனி லென்ஸ் ஒன்றுமாக ஆர்த்தோஸ்கோப்பிக் என்ற அமைப்பைச் செய்தார். முதல் உலக யுத்த காலத்தில் எர்ஃப்ளே என்பவர் அறுபது பாகைக்கு மேல் விரிந்த புலமுடைய ஐபீஸை இராணுவக் கருவிகளுக்காக வகுத்தார். இரண்டாவது யுத்தம் முடிந்தபின், கழிவுச் சாமானாக மலிவு விலைக்கு வந்த அவை அமெரிக்காவில் வானம் பார்க்கும் ஏழைகளுக்குப் பெரும் வரமாக அமைந்தன. அதற்கும் பின்னால், 1980-ஐ ஒட்டி, அப்போலோ விண்கலப் பயிற்சிக்கு வேண்டிய காட்சிக் கருவிகளில் வேலை செய்த ஆல் நாக்லர் என்பவர் 82 பாகைப் புலம் உடைய ஐபீஸைக் கொண்டுவந்தார். அதில் கண் வைப்பவருக்குக் குழாய் வழியாகப் பார்ப்பதாகத் தோன்றாது, ஜன்னலில் தலையை நீட்டியதுபோல் இருக்கும். அவ்வகை ஐபீஸ் ஒன்றின் விலைக்கு நம்மில் ஒருவர் முழுத் தொலைநோக்கியே செய்துகொள்ளலாம்.

இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துண்டுகள் கூடக்கூட நடுவிலுள்ள பிம்பம் பிரமாதமாகச் சிறந்துகொண்டே போகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புலத்தின் நடுவில், நன்றாகச் செய்த பிளாசலுக்கும், அதைப்போல் பத்து மடங்கு விலையுள்ள ஐபீஸுக்கும் உள்ள பேதத்தை, வெகுநாள் பழகிய கண்ணும் சிரமப்பட்டே காணும். அதிகப் பணம் வாங்கித் தருவது இரண்டு வசதிகளை: ஒன்று, அகன்ற புலம், மற்றொன்று, செங்குத்தாகச் சரிந்து வருகிற ஒளிக்கூம்பை ஓரம் வரையில் கலங்காமல் தாங்கும் சக்தி. குவிய விகிதம் 5 ஆக இருக்கிற குட்டையான தொலைநோக்கியிலிருந்து கிரணங்கள் அதிகச் சாய்வுடன் ஐபீஸில் வந்து விழுகின்றன. எளிய அமைப்புகள் அதைத் தாங்க மாட்டாமல், ஓரத்து நட்சத்திரங்களைச் சிறகு விரித்த பறவைகளாக இழுத்துவிடுகின்றன. குவிய விகிதம் 8 ஆக இருந்தால் கூம்பு மெலிந்து, கிரணங்கள் சாதுவாக வருகின்றன. அதில் பிளாசல் ஏறத்தாழ ஓரம் வரை ஒழுங்காக நிற்கும், கெல்னரும் நன்றாகவே நடந்துகொள்ளும். 12-க்கு மேலானால் ஹைகன்ஸின் இரண்டு துண்டுகளே போதும். ஆகவே ஐபீஸுக்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலை, ஐபீஸ் வாங்கும் நாளில் அன்று, தொலைநோக்கியைத் தீர்மானிக்கும் நாளிலேயே பெரும்பாலும் நிச்சயமாகிவிடுகிறது. எடுத்துச் செல்ல வசதி என்று எண்ணிக் குட்டைத் தொலைநோக்கியை வாங்குகிறவர், அதில் மிச்சம் பிடித்த பணத்தைப் பிறகு ஐபீஸ்களுக்கு வட்டியுடன் கட்டுகிறார். கையில் பணம் குறைவாக உள்ள மாணவருக்கு நான் சொல்லுவது இதுதான்: குழாய் நீளமாக இருக்கட்டும், ஐபீஸ் எளியதாக இருக்கட்டும்.

விகிதம் 8 உள்ள அந்த 1200 மில்லிமீட்டர் தொலைநோக்கியையே உதாரணமாக வைத்துக்கொண்டு ஒரு தொகுப்பைச் சொல்லுகிறேன். 32 மில்லிமீட்டர் பிளாசல் ஒன்று. 10 மில்லிமீட்டர் பிளாசல் ஒன்று. இரண்டு மடங்கு பார்லோ ஒன்று. இவை மூன்றே. 32 தனியாக 37½ மடங்கு, பார்லோவுடன் 75, 10 தனியாக 120, பார்லோவுடன் 240. கீழிருந்து மேல்வரை படிக்கட்டுப்போல் நான்கு படிகள் கிடைத்துவிட்டன. இதற்குப் பதிலாக 20-ஐயும் 10-ஐயும் பார்லோவையும் வாங்குகிறவர்கள் மிகப் பலர். பார்லோவில் வைத்த 20 மறுபடியும் 10 ஆகிவிடுவதால், ஒரே படிக்கு இருமுறை பணம் கொடுத்தவர்கள் ஆகிறார்கள். இன்னும் ஒன்று: மலிவான பார்லோக்கள் பலவற்றில், லென்ஸ் இருக்கும் சிறு வளையத்தை மட்டும் திருகிக் கழற்றி, நேரே ஐபீஸின் அடித்திருகில் மாட்டலாம். குழிலென்ஸ் ஐபீஸுக்கு நெருங்கிவிடுவதால் பெருக்கம் இரண்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரையாகக் குறையும். 10 மில்லிமீட்டர் 180 மடங்கு தரும். காற்று 240-ஐத் தாங்காத இரவுகளில் இந்த 180 எனக்கு எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது. அதற்கென்று ஒரு காசும் தனியாகச் செலவாகவில்லை.

பொருளை வானில் தேடிப் பிடிப்பதற்குக் குறைந்த பெருக்கம் வேண்டும் என்று கேட்டதும், 40 மில்லிமீட்டர் ஐபீஸை வாங்கத் தோன்றும். ஒன்றேகால் அங்குலக் குழலுடைய ஐபீஸ்களில் 40-க்குச் செலவிடுவதைப் பற்றிச் சற்று யோசியுங்கள். குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டருக்கு மேல் பிம்பத்தை அனுமதிக்காது. அந்த எல்லையை 50 பாகைப் புலமுள்ள 32 மில்லிமீட்டர் பிளாசலே தொட்டுவிடுகிறது. 40-ஐப் போட்டால், முன்பு கண்ட அதே வானத்துண்டைச் சற்றுச் சிறிதாக, 43 பாகைக் குறுகிய வட்டத்துக்குள் பார்ப்பீர்கள். ஒரு நட்சத்திரமும் அதிகமாக வந்துவிடாது. நம் தொலைநோக்கியில் அந்தத் துண்டு ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேல். பூரண சந்திரன் இரண்டரையை அருகருகே வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. கார்த்திகைக் கூட்டத்தின் முக்கிய நட்சத்திரங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும்.

எளிய ஐபீஸ்களுக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கலாகாது. பிளாசலில் கண்மணி நிற்க வேண்டிய இடம் கண்ணாடியிலிருந்து குவியத்தூரத்தின் முக்கால் பங்கு தூரத்துக்குள்ளேயே அமைகிறது. 32-ல் அது தாராளம். 10-ல் ஏழு எட்டு மில்லிமீட்டர். 6-லும் 4-லும் கண்ணை இடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், இமையின் வெதுவெதுப்பு பட்டதும் கண்ணாடி ஆவி படர்ந்து மங்கிவிடும். அதனால்தான் 5 மில்லிமீட்டர் பிளாசலைத் தனியாக வாங்க வேண்டாம், 10-ஐப் பார்லோவில் வையுங்கள் என்று சொல்லுகிறேன். அப்போது நீண்ட ஐபீஸின் சௌகரியம் குறையாமல் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் இதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை. கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் மட்டுமே உடையவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குமிழைச் சற்றுத் திருப்பினால் போதும். விழியின் வளைவு கோணலாய் இருப்பதால் கண்ணாடி அணிகிறவர்களுக்கே கஷ்டம். அதுவும், வெளிவரும் கற்றை ஒரு மில்லிமீட்டர் அளவில் சிறுத்திருக்கும்போது, கண்மணியின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துவதால், பெரும்பாலும் தெரியாமற் போய்விடும். அவர்கள் மூக்குக்கண்ணாடியுடன் பார்க்க வேண்டியது 32-ல் மட்டும். அதில் இடம் இருக்கிறது.

குட்டைத் தொலைநோக்கியை முன்பே வாங்கிவிட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 66 பாகைப் புலம் என்று சொல்லி, கழுத்தில் தங்க நிறக் கோடு போட்டு, பல வேறு பெயர்களில் ஒரே வகை ஐபீஸ் 6, 9, 15, 20 மில்லிமீட்டர்களில் விற்பனைக்கு வருகிறது. அவற்றுள் 6-ஐயும் 9-ஐயும் தைரியமாக வாங்கலாம். அவற்றின் அடிக்குழலில் ஒரு குழிலென்ஸ் தொகுதி உள்ளேயே வைக்கப்பட்டிருப்பதால், கூம்பின் சரிவைத் தணித்துக்கொண்டுவிடுகின்றன. கண்ணும் சௌகரியமாக விலகி நிற்கலாம். அதே பெயர் பொறித்த 15-லும் 20-லும் அந்த அமைப்பு இல்லை. விகிதம் 5-ல் ஓரங்கள் மிகவும் கலங்கும். பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு குணமும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

அகன்ற புலத்தின் அருமையை உணர்ந்தவர்கள், மோட்டார் இல்லாத பீடத்தில் தொலைநோக்கியைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவர்கள். அந்தப் பீடத்தைச் சாமானியருக்கு அளித்த ஜான் டாப்ஸன், 1944-ல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண பரம்பரையைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் சேர்ந்து, இருபத்து மூன்று ஆண்டுகள் துறவியாக இருந்தவர் என்பதை நினைக்கையில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாகிறது. பலகையையும் அட்டைக் குழாயையும் கொண்டு பெரிய தொலைநோக்கிகளைச் செய்து, நடைபாதையில் நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் அழைத்துச் சனியைக் காட்டியவர் அவர். அத்தகைய பீடத்தில், பூமி சுழல்கிற காரணத்தால், பொருள் புலத்தைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கும். 120 மடங்கில் 50 பாகைப் பிளாசலில் 100 விநாடி. 240-ல் 50 விநாடி. வரிசையில் நிற்கிற குழந்தை முக்காலியில் ஏறிக் கண்ணை வைப்பதற்குள் கிரகம் போய்விடும். பலருக்கும் காட்டுகிற நோக்கம் உடையவர் ஒரே ஒரு அகன்ற புல ஐபீஸுக்கு அதிகப் பணம் செலவிட்டால், அதை நான் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஓட்டத்தைக் கொண்டே, வாங்கிய ஐபீஸின் புலம் விற்றவர் சொன்ன அளவுதானா என்று பரீட்சித்தும் விடலாம். ஓரையன் என்னும் வேடனின் இடைக்கச்சையில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் மேற்கோரத்தில் இருப்பதன் பெயர் மின்டகா. அது வானத்தின் நடுக்கோட்டை ஏறக்குறைய ஒட்டியே இருக்கிறது. தொலைநோக்கியை அசையாமல் நிறுத்தி, மின்டகா புலத்தின் ஓரத்தில் நுழைந்து, மையத்தின் வழியே சென்று, மறு ஓரத்தில் மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்து, 240-ஆல் வகுத்தால், வானத்தில் எத்தனை பாகை தெரிகிறது என்பது கிடைத்துவிடும். அதை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் ஐபீஸின் தோற்றப்புலம் ஏறத்தாழ வந்துவிடும். 50 என்று விற்ற ஒன்றில் எனக்கு 42 கிடைத்தது உண்டு. அதே நேரத்தில் ஓரத்தில் நட்சத்திரம் எப்படித் தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். வால்நட்சத்திரம்போல் ஒரு பக்கமாக விசிறினால் அது பெரிய கண்ணாடியின் இயல்பு, ஐபீஸின்மேல் பழியில்லை. குமிழைத் திருப்பினால் ஓரம் தெளிந்து நடு மங்கினால் பிம்பத்தின் பரப்பு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். இளங்கண்கள் அதைத் தாமே சமாளித்துக்கொள்ளும். எப்படித் திருப்பினாலும் கோடாகவோ சிலுவையாகவோ நீண்டால், அந்த ஐபீஸ் உங்கள் தொலைநோக்கியின் கூம்புக்குத் தோதானது அன்று. நீண்ட குழாய் வைத்திருக்கிற நண்பருக்கு அதைக் கொடுத்துவிடலாம், அங்கே அது நன்றாகவே உழைக்கும்.

பழைய ஐபீஸ் வாங்குவதில் அவமானம் ஏதும் இல்லை. ஆனால் கண்ணாடியின்மேல் ஒளிமீள்வைக் குறைக்கும் மெல்லிய பூச்சு இருக்கிறதா என்று, விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்க்க வேண்டும். பூச்சுள்ள பரப்பில் விளக்கின் பிரதிபலிப்பு நீலமாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரியும்; வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பூச்சு இல்லை. 1935-ல் யேனாவில் ஸ்மாக்குலா கண்டுபிடித்த இந்தப் பூச்சு இல்லாத காலத்தில், காற்றைத் தொடுகிற ஒவ்வொரு பரப்பும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட, நான்கு பரப்புள்ள பிளாசலில் பதினைந்து பங்கு நஷ்டமாகி, பிரகாசமான கிரகத்தைச் சுற்றிப் பேய் உருவங்களும் தோன்றின. உடைந்த இருகண் நோக்கி கிடைத்தாலும் விடாதீர்கள். 7×50 என்று பொறித்தவற்றில் உள்ள ஐபீஸ்கள் பொதுவாக 27 மில்லிமீட்டரை ஒட்டிய குவியத்தூரம் உடையவை. புகைப்படச் சுருள் வந்த பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றேகால் அங்குலக் குழலில் பொருந்தும்; அதன் அடியை வெட்டிவிட்டு இந்த ஐபீஸை மேலே ஒட்டிப் பாருங்கள்.

பழைய வகைகளுள் ஹைகன்ஸுக்கு ஒரு சிறப்பு உண்டு: அதில் லென்ஸ்களை ஒட்டும் பசை இல்லை. சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்து கரும்புள்ளிகளைக் குறிக்கிறவர்களுக்கு அதுவே உகந்தது. பிளாசலிலும் கெல்னரிலும் வெயிலின் உஷ்ணம் பசையைக் கெடுத்துவிடும். ஹைகன்ஸ் வகையான என் பழைய 20 மில்லிமீட்டர் இன்றும் அந்த வேலையைச் செய்கிறது. மலிவுத் தொலைநோக்கிகளோடு, ஐபீஸின் அடியில் திருகும் கரிய கண்ணாடி வில்லை ஒன்று, சூரியனைப் பார்ப்பதற்கு என்று சொல்லிச் சில சமயம் வரும். அதை இன்றிரவே சுத்தியலால் உடைத்துப் போட்டுவிடுங்கள். திரட்டிய வெயிலில் அது திடீரென்று வெடிக்கும். கண்ணை இழந்த பிறகு எந்த ஐபீஸும் பயன்படாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரை ஊர்களில் ஐபீஸுக்குப் பரம சத்துரு பூஞ்சை. மழைக்காலத்தில் தோல்பையிலோ துணிப்பையிலோ வைத்திருந்தால், கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்திவலைபோல் படர்ந்து, பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். தூசியை ரப்பர்ப் பந்தால் ஊத வேண்டும், துடைக்கக் கூடாது. ஒரு முறை, அவசரத்தில், வேட்டி நுனியால் என் 10 மில்லிமீட்டரைத் துடைத்தேன்; கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துகள் குறுக்கே இழுத்த கீறல் இன்றும் அதில் இருக்கிறது.

மாடியில் 150 மில்லிமீட்டர் தொலைநோக்கியை நண்பர்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே வெளியில் வைத்து ஆற விட்டிருக்கிறார்கள். அதில் இப்போது 32 மில்லிமீட்டர் இருக்கிறது. கார்த்திகையைப் பார்த்துவிட்டு, கிழக்கே ஏறியிருக்கிற மின்டகாவுக்குத் திருப்பி, ஒருவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள, அந்தக் கணக்கைச் செய்து பார்க்கலாம். படியில் விளக்கு அணைத்திருக்கும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, குழந்தைகளை முன்னே விட்டு, மெதுவாக ஏறி வாருங்கள்.